மௌத்தானவள் வந்த வெள்ளிக்கிழமை

சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் குறுக்குத் தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். பெண்பிள்ளை பிறந்தால் அவளுக்கென்று ஒரு வீடு கட்டிக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது ஊர் வழக்கம். அதனால் ஒரு வளவு இரண்டாகும், இரண்டு நான்காகும். மாமரம் போகும், முற்றம் போகும், கடைசியில் ஒரு வீட்டுக் கூரைத் தண்ணீர் அடுத்த வீட்டுக் குசினி வாசலில் விழும். யார் வீட்டில் இன்றைக்குக் கருவாடு, யார் வீட்டில் சண்டை, யாருடைய பிள்ளைக்கு இருமல் என்பதெல்லாம் அந்தச் சின்னத் தெருவான ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும்.

ஸம்ஸியாவின் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கிணறுகூடப் பங்குதான். நடு மதில் கிணற்றின் வாய்க்கு மேலாகவே போனது. இந்தப் பக்கம் பாதி வட்டம், அந்தப் பக்கம் பாதி வட்டம். அடியில் தண்ணீர் ஒன்று.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லி, ஆண்கள் எல்லாம் பள்ளிக்குப் போய்விட்டார்கள். ஒழுங்கையில் ஒரு சைக்கிள் மணிச் சத்தம்கூட இல்லை. ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. மீன் கழுவத் தண்ணீர் எடுக்க ஸம்ஸியா கிணற்றடிக்கு வந்து வாளியை இறக்கினாள்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு வாளி இறங்கியது.

அந்த வீடு பல மாதமாகப் பூட்டிக் கிடந்தது. ஸம்ஸியா கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். பழைய தகர வாளி. அடியில் நசுங்கிய வாளி. அது தண்ணீரில் சரிந்து, நிறைந்து, மேலே ஏறியது. குனிந்து பார்த்தாள். கலங்கிய தண்ணீர் அடங்கியதும், அவளுடைய முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் தெரிந்தது.

"ஸம்ஸியா, நீயா புள்ள?"

அந்தக் குரலை அவள் அறிவாள். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி இறந்துபோனாள் என்று யாஸீன் ஓதியிருக்கிறாள். கையிலிருந்த கயிறு நழுவி வாளியோடு கிணற்றுக்குள் போனது.

அந்தக் குரல் சுல்பிகாவுடையது. மூன்று வருடத்துக்கு முன் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். மேசன் வேலை செய்யும் அவளுடைய புருசன் மசூருக்கு அப்போது சரியாகத் தொழில் இல்லை. தாய் தகப்பனும் இல்லாத சுல்பிகா, நடை பழகிப் பேசத் தொடங்கியிருந்த மகள் சஹ்லாவை ஸம்ஸியாவின் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனாள். ஸம்ஸியாவுக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லியே கலியாணம் முடித்தவன் தலாக் சொல்லிவிட்டுப் போயிருந்தான். நோயாளி வாப்பாவோடு அவள் வீட்டில் இருந்தாள். காலையில் மதிலுக்கு மேலால் சஹ்லாவை வாங்குவாள், அந்தியில் திருப்பிக் கொடுப்பாள்.

பிறகு தொண்ணூறாம் ஆண்டு வந்தது. இங்கே போர் மூண்டு ஊரெல்லாம் கலங்கிப் பாதைகள் மூடப்பட்ட அதே மாதங்களில், அங்கே குவைத்துக்குள் ஈராக் படை புகுந்தது. சுல்பிகாவிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வருடம் முடியும் நேரத்தில், குவைத்திலிருந்து தப்பி வந்த மருதமுனைப் பெண் ஒருத்தி தேடி வந்தாள். சுல்பிகா வேலை செய்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவள். அந்த வீடு எரிந்து போனதையும், உள்ளேயிருந்து சிலோன் பெண்ணின் உயிரற்ற உடலை, மையத்தைத் தூக்கி வந்ததையும் தன் கண்ணால் கண்டதாக அழுது அழுது சொன்னாள். அந்த வாரமே பள்ளியில் உடல் இல்லாமலே காயிப் ஜனாஸா தொழுதார்கள். நாற்பதாம் நாள் கத்தம் ஓதிச் சோறும் கொடுத்தார்கள்.

அதன் பிறகு ஒழுங்கை சும்மா இருக்கவில்லை. மனைவி இல்லாத ஆண், புருசன் இல்லாத பெண், நடுவில் ஒரு மதில். பிள்ளையைத் தூக்க மசூர் கேற்றடிக்கு வந்தால் எதிர்வீட்டு யன்னல் திறக்கும். ஸம்ஸியாவின் வாப்பாவும் மௌத்தானதும் பள்ளிவாசல் பெரியவரான அச்சிமுகம்மது மரைக்கார் தலையிட்டு இரண்டு பேருக்கும் நிக்காஹ் செய்து வைத்தார். மசூர் தன் கையாலேயே மதிலை உடைத்து, பிள்ளை போய் வர ஒரு வாசல் வைத்தான். தானும் இந்தப் பக்கம் வந்துவிட்டான்.

அந்த வாசலால்தான் இப்போது சுல்பிகா நுழைந்தாள்.

கறுப்பு அபாயா உடுத்திருந்தாள். முகம் காய்ந்து, கன்ன எலும்பு தள்ளியிருந்தது. ஸம்ஸியா வாய்க்குள் ஆயத்துல் குர்ஸி ஓதியபடி பின்னால் பின்னால் போய்க் குசினிச் சுவரில் முட்டி நின்றாள். கண்கள் மட்டும் வந்தவளின் கால்களைப் பார்த்தன. வெடித்த குதிகால்கள். ஈரச் சீமெந்தில் மண்ணோடு பதிந்த பாதங்கள்.

"பயப்படாத புள்ள, நான்தான். கொழும்பு பஸ்ஸுல வந்து இறங்கின. ஊட்டுல பூட்டு. கதவத் தட்டித் தட்டிப் பாத்த." சுல்பிகா திரும்பி மதிலைப் பார்த்தாள். "இதென்ன வாசல்? ஆரு ஒடச்ச?"

ஸம்ஸியாவின் கண் கொடிப் பக்கம் ஓடித் திரும்பியது.

சுல்பிகாவின் பார்வை கொடியில் போய் நின்றது. நீலக் கோடு போட்ட சாரன், ஆண்பிள்ளைச் சேட்டு, பக்கத்தில் சின்னச் சட்டைகள். அவள் சாரனின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். சீமெந்துக் கறை. கையை எடுக்காமலே கேட்டாள்.

"ஸம்ஸியா, இது ஆருட சாரன்?"

அப்போது சஹ்லா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். புதியவளைக் கண்டதும் ஸம்ஸியாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள்.

"உம்மா, ஆரும்மா இவ?"

சுல்பிகா அந்தச் சொல்லைக் கேட்டாள். பிள்ளை யாரைப் பார்த்துச் சொன்னது என்பதையும் கண்டாள். கொடிக் கம்பைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டாள்.

"நீங்க மௌத்து எண்டு சொன்னாங்க ராத்தா," என்றாள் ஸம்ஸியா. "மருதமுனையிலிருந்து ஒராள் வந்து கண்ணால கண்ட எண்டு சொன்னா. அல்லாஹ்வுக்காக நம்புங்க. நாங்க பொய்க்குச் செய்யல்ல."

"எனக்கு ஜனாஸா தொழுதாங்களா?"

"ஓம்."

"கத்தம் குடுத்தீங்களா?"

"நாப்பதும் குடுத்த."

"ஆரு ஆக்கின?"

"நான்தான் ராத்தா."

"என்ன ஆக்கின?"

"நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும்."

சுல்பிகா சிரித்தாள். ஒரு பெண் அப்படிச் சிரித்து ஸம்ஸியா கேட்டதில்லை. சஹ்லா வீறிட்டு அழுதபடி உள்ளே ஓடிக் கட்டிலுக்குக் கீழே புகுந்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று ஸம்ஸியாவுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கட்டிப்பிடிக்கவா, காலில் விழவா என்று தெரியாமல் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

தொழுகை முடிந்து மசூர் வந்தான். தலையில் தொப்பி, கையில் பள்ளிவாசலில் வாங்கிய பேரீச்சம்பழப் பொட்டலம். கொடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள் தலையைத் தூக்கினாள். அவன் ஸலாம் சொல்ல வாயைத் திறந்தான். "அஸ்ஸலாமு" என்பதோடு குரல் நின்றுபோனது. நடையிலேயே உட்கார்ந்துவிட்டான். பேரீச்சம்பழம் மண்ணில் சிதறியது. பிறகு ஆண்பிள்ளை என்ற எண்ணமே இல்லாமல் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு ஓலமிட்டான்.

அந்தச் சத்தத்துக்கு ஒழுங்கையே திரண்டது. மதில்களுக்கு மேல் தலைகள் முளைத்தன. பெண்கள் வந்து சுல்பிகாவின் கையைத் தொட்டுப் பார்த்தார்கள், கன்னத்தைத் தடவினார்கள். ஒருத்தி மயங்கி விழுந்தாள். இன்னொருத்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நெருங்கவே மாட்டேன் என்று நின்றாள். கூட்டத்தில் ஊதாச் சேலை உடுத்த ஒரு பெண்ணைச் சுல்பிகா உற்றுப் பார்த்தாள். அது அவளுடைய சேலை. மௌத்தானவளின் உடுப்பென்று ஏழைகளுக்குக் கொடுத்ததில் ஒன்று. அந்தப் பெண்ணுக்கும் அது விளங்கிவிட்டது. முந்தானையை இழுத்து இழுத்து மறைத்தாள். எதை மறைப்பது? உடுத்திருந்தது முழுவதும் அதுதானே.

சுல்பிகா பூட்டின் திறப்பைக் கேட்டு வாங்கித் தன் வீட்டைத் திறந்தாள். மண்டபத்தில் சீமெந்துப் பைகளும் சாரக் கம்புகளும் அடுக்கியிருந்தன. அலுமாரி வெறுமையாக இருந்தது. அவள் எதையும் கேட்கவில்லை. பைகளுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் தலையணை இல்லாமல் படுத்துக்கொண்டாள்.

அந்திக்கு அச்சிமுகம்மது மரைக்கார் இன்னும் இரண்டு பேரோடு வந்தார். பெரிய மனிதர், நல்ல மனிதர். அவர் நினைத்து வந்தது சுலபமானது.

"அல்ஹம்துலில்லாஹ், புள்ள உசிரோட வந்திட்டா. இதுல பிரச்சின ஒண்டும் இல்ல. மொதல் நிக்காஹ் முறியல்ல. ரெண்டாவதும் சரியான நிக்காஹ்தான். மசூர் ரெண்டு ஊட்டையும் ஒரு கண்ணாப் பாத்துக்கொள்ளணும். அவ்வளவுதான்."

கதவுக்குப் பின்னாலிருந்து சுல்பிகா கேட்டாள்: "மரைக்கார் காக்கா, என்னத் தேடிக் கொழும்புக்கு ஆரு போன?"

மசூர் தொண்டையைச் செருமினான்.

"அப்ப பாதையெல்லாம் பூட்டு, சுல்பி. ஆமி, இயக்கம், வெளிய போக ஏலா. ஒனக்குத் தெரியா."

"பாதை தொறந்த பொறகு?"

அவன் குனிந்து தரையைப் பார்த்தான்.

"அனுப்பின ஏஜென்சியில கேட்டீங்களா? வெளிநாட்டுக் கந்தோர்ல கேட்டீங்களா? நான் ஈராக்குல கிடந்த, ஜோர்தான் வனாந்தரத்துல கூடாரத்துல காய்ச்சல்ல கிடந்த. பாஸ்போட் இல்ல. எழுதின கடிதம் ஒண்டும் வந்து சேரல்ல போல. ஆராவது ஒராள் எண்ட பேரச் சொல்லிக் கேட்டிருந்தா எப்பவோ வந்திருப்பன்."

"அந்தப் பொம்புள கண்ணால கண்ட எண்டு சொன்னா, புள்ள," என்றார் மரைக்கார்.

"என்னையக் கண்டாளா?"

"மையத்தக் கண்டா."

"எண்ட மொகத்தக் கண்டாளா?"

மரைக்கார் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். ஸம்ஸியா மதில் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வியை அன்றைக்குத் தானும் கேட்கவில்லை, அத்தனை வாய் உள்ள ஒழுங்கையில் ஒருவரும் கேட்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் சுல்பிகா கேட்டபடி மருதமுனைப் பெண்ணை அழைத்து வந்தார்கள். அவள் கேற்றடியில் சுல்பிகாவைக் கண்டதும் "யா அல்லாஹ்" என்று கத்திக்கொண்டு கம்பியைப் பிடித்துவிட்டாள். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஸம்ஸியா ஒரு பக்கம், சுல்பிகா ஒரு பக்கம், வாசலில் பாதி ஒழுங்கை.

"நான் பொய் சொல்லல்ல தங்கச்சி," என்று அவள் அழுதாள். "அந்த ஊடு எரிஞ்சி கறுத்துக் கிடந்த. ஒரு மையத்தப் போர்வையால மூடித் தூக்கிக்கிட்டு வந்தாங்க. சிலோன் வேலக்காரி எண்டு அரபிக்காரங்க சொன்னாங்க. அந்த ஊட்டுல நீதானே இருந்த? மொகம் காணல்ல. கால் மட்டும்தான் வெளிய தெரிஞ்ச. மருதோண்டி போட்ட கால்."

"மருதோண்டியா?" சுல்பிகாவின் குரல் மாறிவிட்டது.

"ஓம். ரெண்டு காலும் செவந்து."

சுல்பிகா எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"அது சபூறா," என்றாள். "றப்பே, அது சபூறா."

அக்கரைப்பற்றுப் பெண். சுல்பிகாவின் எசமானுடைய தம்பி வீட்டில் வேலை செய்தவள். படை வந்த சில நாளில், எசமானின் குடும்பம் கைக்குழந்தையோடு, எசமானியின் தாய்வீடு இருந்த பஸ்ராப் பக்கம் போகக் காரில் ஏறியபோது குழந்தையைத் தூக்கச் சுல்பிகாவையும் ஏற்றினார்கள். தம்பியின் குடும்பம் அதே நாளில் அந்த வீட்டுக்கு மாறி வந்தது. சபூறாவும் வந்தாள். பயம் தெரியாத பிள்ளை. ஊரைச் சுற்றிக் குண்டுச் சத்தம் கேட்கும்போதே மருதோண்டி அரைத்துப் போட்டுக்கொண்டிருந்தவள். கார் புறப்பட்டபோது வாசலில் நின்று கையை ஆட்டி, "ராத்தா, மொதல்ல ஊருக்குப் போறவ மத்தவட உம்மாவப் போய்ப் பாக்கணும், சரியா?" என்று கத்தியிருந்தாள்.

"எனக்கு உம்மா இல்ல எண்டு அவளுக்குத் தெரியா," என்றாள் சுல்பிகா.

வாசலில் நின்ற கூட்டம் அசையவில்லை. நேற்று முழுக்க ஓயாமல் பேசிய ஒழுங்கை அது. தொழுத ஜனாஸாவும், ஓதிய யாஸீனும், ஆக்கிய சோறும் எல்லாம் ஒருத்திக்குப் போய்ச் சேர வேண்டியவை. அவளுடைய பெயரை இங்கே யாரும் உச்சரித்ததில்லை. அவளுடைய வீட்டில் யாருக்கும் இன்னும் தெரியாது.

திங்கட்கிழமை சுல்பிகா அக்கரைப்பற்றுக்குப் புறப்பட்டாள். ஸம்ஸியா பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, கேட்காமலே பின்னால் போய் பஸ் ஏறினாள். காரைதீவுச் சந்தியில் இராணுவம் எல்லோரையும் இறக்கி நடக்க வைத்தது. நடக்கும்போது சஹ்லா ஒரு கையால் ஸம்ஸியாவைப் பிடித்திருந்தாள். மற்றக் கையைச் சுல்பிகா பிடிக்கப் போனபோது சட்டைக்குள் இழுத்துக்கொண்டாள். இரண்டு பெண்களும் அதைப் பார்க்காதது போல நடந்தார்கள்.

அக்கரைப்பற்றிலும் அதே மாதிரி ஒழுங்கை. அதே மாதிரி முட்டி நிற்கும் மதில்கள், அதே மாதிரி எட்டிப் பார்க்கும் தலைகள். சபூறாவின் உம்மா பெயர் சல்மா உம்மா. கேற்றைத் திறந்தவள் அபாயாவைப் பார்த்தாள், பார்த்த கணமே முகமெல்லாம் மலர்ந்தது.

"வெளிநாட்டுலிருந்து வாறீங்களா? சபூறா அனுப்பினாளா? வாங்க, வாங்க மகள், உள்ளுக்கு வாங்க!"

கதிரைகளைத் தன் சேலையால் துடைத்தாள். பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்து நெக்டோ சோடா வாங்கி வரச் சொன்னாள். நிற்காமல் பேசினாள். "கடிதம் போடுறதுக்குச் சோம்பல் புடிச்சவ. சண்டையோட வேற நாட்டுக்குப் போயிருப்பா எண்டு எல்லாரும் சொல்றாங்க. சவூதியில ஆரோ கண்டாங்களாம். பாருங்க, பின்னால அறை ஒண்டு எடுத்திரிக்கி, கூரதான் போடல்ல. அவ வந்தா ஆசப்பட்ட மாதிரிப் போடட்டும் எண்டு உட்டுட்டன். நல்லா இரிக்காளா? மெலிஞ்சிட்டாளா?"

சுல்பிகாவின் உதடு அசைந்தது. தன்னுடைய மௌத்தை மூன்று நாளைக்கு முன் வாய் கூசாமல் கேட்டவளுக்கு இன்னொருத்தியின் மௌத்தைச் சொல்ல வரவில்லை. ஸம்ஸியா எட்டி அவளுடைய கையைப் பிடித்தாள். அவள் வந்த நாளிலிருந்து ஸம்ஸியா அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"உம்மா," என்றாள் சுல்பிகா. "இரிங்க உம்மா. கொஞ்சம் இரிங்க."

சல்மா உம்மா உட்காரவில்லை. நின்றபடியே அந்தக் கையையும், ஸம்ஸியாவின் கண்ணையும் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை போல அப்படியே நின்றது. சுல்பிகா சொல்லத் தொடங்கினாள். காரில் ஏறியது, சபூறா கை காட்டியது, வீடு எரிந்தது. நடுவில் சோடாப் போத்தலோடு ஒருத்தி வந்து, கேட்டு, போத்தலைத் தரையில் வைத்துவிட்டு வாயைப் பொத்தினாள்.

"கால் செவந்திருந்திச்சா?" என்று மட்டும் சல்மா உம்மா கேட்டாள்.

"ஓம் உம்மா."

"அவளுக்கு நல்லாச் செவக்கும்," என்றாள். அதன் பிறகுதான் விழுந்தாள்.

அன்று ஸம்ஸியா பிள்ளையோடு ஊருக்குத் திரும்பினாள். சுல்பிகா திரும்பவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அக்கரைப்பற்றுப் பள்ளியில் சபூறாவின் பெயர் சொல்லி ஜனாஸா தொழும்வரை சல்மா உம்மாவோடு இருந்தாள். வந்ததும் மசூரிடம் நேரே சொன்னாள்.

"எனக்கு ஒங்களோட கோவம் இல்ல. ஆனா ஒங்களோட இரிக்க எனக்கு ஏலா. ஒரு சொல்லுல என்ன மௌத்தாக்கிட்டீங்க. காதியாருக்கிட்டப் போய்ப் பிரிஞ்சுக்கொள்வம்."

மசூர் அழுதான், மரைக்காரை அனுப்பினான், கடைசியில் சம்மதித்தான். ஸம்ஸியா மட்டும் ஒரு நாள் வந்து, "நான் விலகிறன் ராத்தா, நீங்க இரிங்க" என்றாள். சுல்பிகா கடுமையாகத் திரும்பினாள். "அவர நீ வெச்சுக்கொள். ஆனா எண்ட புள்ளைக்கி நான் ஆரு எண்டு நீதான் சொல்லிக் குடுக்கணும். நான் சொன்னா அவ நம்ப மாட்டா."

ஸம்ஸியா சொன்னாள். நாளுக்கு ஒருதரம் சொன்னாள். சஹ்லா கேட்டுக்கொள்வாள், ஆனால் அந்த வீட்டுக்குள் கால் வைக்க மாட்டாள். சுல்பிகா சீமெந்துப் பைகளை அள்ளிப் போட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, தையல் மெசின் ஒன்று வாங்கி வைத்துத் தைத்தாள். பிள்ளையைக் கூப்பிடவில்லை. ஒழுங்கை கொஞ்ச காலம் இதையே மென்றது. அதற்குள் வேறொரு வீட்டில் வேறொன்று நடந்தது.

அடுத்த வருடம், நோன்புக்கு முந்திய மாதத்தில் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. ஸம்ஸியா காய்ச்சலில் எழும்ப முடியாமல் கிடந்தாள். தைத்துக்கொண்டிருந்த சுல்பிகா நிமிர்ந்து பார்த்தபோது சஹ்லா கதவடியில் நின்றாள். வெள்ளைச் சட்டை, அவிழ்ந்த தலை, கையில் சீப்பு. ஒன்றும் பேசவில்லை. வந்து சுல்பிகாவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, சீப்பைத் தோளுக்கு மேலால் பின்னுக்கு நீட்டினாள்.